எங்கே அறுந்தது?

வீட்டுக் கணினியில் இணையப் பக்கங்கள் திறக்கவில்லை என்றால் நம்மவர் வாயில் முதலில் எழுவது “வேலை செய்யவில்லை” என்னும் முறைப்பாடே. முறைப்பாடு என்ற அளவில் அது நியாயமானது. செய்தி என்ற அளவில் அது வெறுமையானது. வைத்தியரிடம் சென்று “உடம்பு சரியில்லை” என்று மட்டும் கூறி மௌனமாய் இருப்பவருக்கு வைத்தியர் என்ன மருந்து கொடுப்பார்? எங்கே நோகிறது, எப்போது தொடங்கியது, எதை உண்டீர் என்று அவர் கேட்பார். கணினியின் பொருட்டு இத்தகைய வினாக்களைக் கேட்கும் பொறுமை நம்மிற் பலருக்கு இல்லை. அணைத்துப் பார்க்கிறோம், கம்பியைப் பிடுங்கிச் செருகுகிறோம், இறுதியிற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறோம். இவற்றாற் சில வேளை பயன் விளைவதும் உண்டு. ஆயினும், எதனால் விளைந்தது என்று அறியாத வெற்றி மறுமுறை நமக்குக் கைகொடுக்காது.

நமது உயர்தர வகுப்புகளில் ‘அளவையியலும் விஞ்ஞான முறையும்’ என்றொரு பாடம் உண்டு. எடுகூற்று, முடிவு, கருதுகோள், பரிசோதனை என்னும் சொற்களை மாணவர் மனனஞ் செய்து பரீட்சை எழுதுகின்றனர். அச்சொற்கள் உயிர்பெற்று நடமாடும் இடம் ஒன்று வேண்டுமாயின், பழுதுபட்ட கணினியின் முன்னால் உட்காருவதைக் காட்டிலும் நல்லதொன்றை நான் அறியேன்.

ஓர் இணையப் பக்கம் நம் திரையை வந்தடையுமுன் நிகழ்வன யாவை என்பதை முதற்கண் நோக்குவோம். நாம் தளத்தின் பெயரைத் தட்டெழுதுகிறோம். கணினிகளோ பெயரால் அன்றி எண்களாலேயே ஒன்றையொன்று அறிவன. ஆகவே, அப்பெயருக்குரிய எண் யாது என்று நமது கணினி ஒரு பெயர்ச் சேவையகத்தை வினவுகிறது. விடை கிடைத்ததும் அவ்வெண்ணுக்குரிய தொலைக் கணினியை அழைக்கிறது. அழைக்கப்பட்ட கணினி, தான் இன்னார் என்பதற்குச் சான்றிதழ் ஒன்றைக் காட்டுகிறது. அது ஏற்கப்பட்ட பின்னரே பக்கம் வருகிறது. இவை யாவும் ஒரு நொடிக்குள் நடந்தேறுவதால் ஒரே செயல்போல நமக்குத் தோற்றுகின்றன. உண்மையில் இது பல கண்ணிகள் கோத்த சங்கிலி. எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் நாம் காண்பது ஒன்றேதான்: பக்கம் வரவில்லை.

பெயரை எண்ணாக மாற்றும் அக்கண்ணிக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் வலையிற் சேர்ந்திருந்த கணினிகள் சிலவே. அவற்றின் பெயர்களையும் எண்களையும் கொண்ட ஒரே பட்டியலைக் கலிபோர்னியாவிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனம் பேணிவந்தது. ஏனையோர் அதனைப் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக அந்த ஒற்றைப் பட்டியல் சுமை தாங்கவில்லை. 1983 இல் போல் மொக்கப்பெட்ரிஸ் என்பவர், பட்டியலைப் பல கூறாக்கி அவ்வவற்றுக்குரியோரிடம் ஒப்படைக்கும் பெயர் முறைமையை வகுத்தார். 2010 இல் ‘.இலங்கை’ என்னும் பெயர் தமிழ் எழுத்திலேயே அம்முறைமையில் இடம்பெற்றது. இன்று நாம் “இணையம் வரவில்லை” என்று நொந்துகொள்ளும்போது, இணையம் வந்துதான் இருக்கும். இந்தப் பெயரேடு மாத்திரம் கைக்கு எட்டாமல் இருக்கும். அத்தகைய தருணங்கள் பல.

சங்கிலியை முழுவதும் அறிந்துகொண்டால், அதனை வெட்டிப் பார்க்கும் வினாக்கள் தாமே பிறக்கும்.

முதல் வினா: குற்றம் கணினியிலா, வீட்டுக்கு வரும் இணைப்பிலா? அதே வீட்டில், அதே வைஃபை இணைப்பில், கைத்தொலைபேசி ஒன்றில் பக்கம் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொலைபேசியின் சொந்தத் தரவு இணைப்பை அணைத்துவிட்டே பார்த்தல் வேண்டும். இன்றேல் அது வேறு வழியாற் சென்று நம்மை ஏமாற்றிவிடும். தொலைபேசியிலும் திறக்கவில்லை எனின், கணினியை நொந்து பயனில்லை. றூட்டரையும் அதற்கு அப்பால் உள்ள இணைப்பையும் நோக்க வேண்டியதே.

இரண்டாம் வினா: கணினிக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? வீட்டு றூட்டர் தன்னோடு சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் வழங்கும். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். கணினியின் எண் 169.254 என்று தொடங்குமாயின், கேட்டும் கொடுப்பார் இல்லாமையால் அது தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் என்று அறிக. அங்ஙனமாயின், கணினிக்கும் றூட்டருக்கும் இடையிலேயே பேச்சு அறுந்திருக்கிறது.

மூன்றாம் வினா: எண்ணால் அழைத்தாற் பதில் வருகிறதா? இதற்கென ‘பிங்’ என்னும் சிறு கட்டளை உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் இதனை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் முறையிலிருந்தே இப்பெயரை அவர் எடுத்தார். 8.8.8.8 என்பது கூகிள் 2009 முதல் நடத்திவரும் பொதுப் பெயர்ச் சேவையகத்தின் எண். அதனை எண்ணால் அழைக்கும்போது பதில் வந்து, ஒரு தளத்தைப் பெயரால் அழைக்கும்போது “அப்பெயர் அறியோம்” என்று வருமாயின், குற்றம் பெயரேட்டில் என்பது துணிபு. பெயர்ச் சேவையகத்தை மாற்றியமைத்தால் நோய் தீரும்.

நான்காம் வினா: எண்ணும் பெயரும் சரியாயிருந்தும் பக்கம் மட்டும் வரவில்லையா? இனி நோக்கவேண்டியது உலாவியையும் அதனைச் சூழ்ந்தவற்றையுமே. பதிலாள் சேவையகம் ஒன்றின் வழியே செல்லுமாறு யாரோ, அல்லது ஏதோ ஒரு தீய நிரல், அமைத்துவிட்டுப் போயிருக்கலாம். சான்றிதழ் ஏற்கப்படாமலும் இருக்கலாம்.

ஒவ்வொரு வினாவும் பாதையை இரண்டாக வகுத்து ஒரு பாகத்தைக் குற்றமற்றது என்று விடுவிக்கிறது. நான்கே வினாக்களில், தேடவேண்டிய இடம் ஒரு நாட்டின் பரப்பிலிருந்து ஓர் அறையின் பரப்புக்குச் சுருங்கிவிடுகிறது.

இம்முறையின் அருமையை 2023 இல் யாழ்ப்பாணத்து வீடொன்றிலே கண்டேன். என்னோடு படிப்பித்து மறைந்த நண்பர் ஒருவரின் வீடு அது. அவர் பல ஆண்டுகளாக ஊரூராய்ச் சென்று, முதியவர்கள் வாயிலாகக் கேட்ட அருவிவெட்டுப் பாடல்களையும் தாலாட்டுக்களையும் ஒப்பாரிகளையும் தம் கணினியில் தட்டெழுதி வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அப்பெட்டி மின்சாரம் கழற்றப்பட்டு மாதக்கணக்கிற் கிடந்தது. மகள் ஒரு விண்ணப்பம் அனுப்புவதற்காக அதனை மீண்டும் இயக்கினாள்.

“மாமா, இன்ரநெற் வருகுதில்லை. கடையிலை காட்டினம். முழுக்க அழிச்சுப் போர்மற் பண்ண வேணும் எண்டு சொல்லுகினம்” என்றாள்.

“அப்பாவின்ரை பாட்டுக்கள் எங்கை இருக்கு?” என்றேன்.

“இதுக்குள்ளைதான் மாமா. வேறை எங்கையும் இல்லை.”

வினாக்களைத் தொடங்கினோம். தொலைபேசியிற் பக்கம் திறந்தது. கணினிக்கு உரிய முகவரி இருந்தது. எண்ணுக்குப் பதில் வந்தது, பெயருக்கும் வந்தது. பதிலாள் அமைப்பும் இல்லை. ஆயினும், எத்தளத்தைத் திறப்பினும் “இணைப்புப் பாதுகாப்பானதன்று” என்னும் ஆங்கில எச்சரிக்கையே தோன்றிற்று. அச்செய்தியின் முதல் வரிக்கு அப்பால் அவ்வீட்டில் எவரும் வாசித்திருக்கவில்லை. சான்றிதழின் காலம் பொருந்தவில்லை என்று கீழே தெளிவாக எழுதியிருந்தது. திரையின் மூலையிலிருந்த திகதியைப் பார்த்தேன். 2012 ஜனவரி 1 என்று காட்டிற்று.

கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்றதொரு சிறு மின்கலம் உண்டு. பெரும்பாலும் அது 20 மில்லிமீற்றர் விட்டமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்பும் உடைய 3 வோல்ற்று லிதியக் கலம், சீ.ஆர். 2032 என்பது அதன் பெயர். பெட்டிக்கு மின்சாரம் இல்லாத வேளையிலும் உள்ளிருக்கும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுவே. மாதக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தமையால் பழைய கலம் வற்றிப்போயிற்று. கடிகாரம் தொடக்க நாளுக்குத் திரும்பிவிட்டது. இணையத்தின் வழியே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு கணினிக்கு உண்டு. எனினும், பிழை மிகப் பெரிதாயின் அதனைத் தன்னியல்பாகத் திருத்த மறுக்கும்படியும் சில கணினிகள் அமைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பெட்டியை இயக்கும்போது கடிகாரம் பற்றிய ஒரு செய்தி கறுப்புத் திரையில் வந்ததாம். ஒரு விசையை அழுத்தினால் அது போய்விடும் என்பதையே வீட்டார் கற்றிருந்தனர்.

இதில் நம் அளவையியல் மாணவர் நோக்கத்தக்க செய்தி ஒன்று உளது. தளங்கள் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தொண்ணூறு நாட்களே செல்லுபடியாகும் சான்றிதழ்களும் இன்று பெருவழக்கு. 2012 இல் நிற்பதாக எண்ணிய கணினிக்கு, 2023 இல் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறவாத ஒன்று. பிறவாத சான்றிதழைக் காட்டுபவனை நம்பலாமா? நம்பலாகாது என்று கணினி முடிவு செய்தது. அதன் வாதம் வாய்ப்பானதே. எடுகூற்று ஒன்றுதான் பொய். நாட்காட்டி ஒன்றே இணையத்தை மறிக்க வல்லது என்பதற்கு வேறு சான்றும் உண்டு. 2021 செப்டெம்பர் 30 இல், பல தளங்களின் சான்றிதழ்களுக்கு ஆதாரமாயிருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாயிற்று. அதன் இடத்துக்கு வந்த புதிய மூலத்தை அறியாத பழைய கருவிகள் அன்று முதல் அத்தளங்கள் பலவற்றைத் திறக்க மறுத்தன.

திகதியைத் திருத்தினோம். பக்கம் திறந்தது. மறுநாள் புதிய மின்கலம் இட்டோம். விண்ணப்பம் போயிற்று. அதற்கு முன்னரே நண்பரின் பாடல்களை வேறு இரண்டு இடங்களிற் படியெடுத்து வைத்தோம்.

கடையிற் சொன்ன மருந்தைச் செய்திருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? அப்பாடல்கள் அழிந்திருக்கும். அவற்றைப் பாடிக்காட்டிய முதியவர்களிற் பலர் இன்றில்லை. மீண்டும் கேட்டெழுத வழியில்லை. அத்தனையும் அழித்த பின்னரும், கடிகாரத்தை யாரேனும் திருத்தாதவரை நோய் அங்கேயே இருந்திருக்கும். ஏனெனில் நோய் அழிக்கப்பட்ட இடத்தில் இருந்ததில்லை. அதற்கு மறுதலையான அபாயமும் உண்டு. எச்சரிக்கையைப் புறக்கணித்து “பரவாயில்லை, மேலே செல்” என்று அழுத்தப் பழகிக்கொண்டோமாயின், உண்மையாகவே ஒரு வஞ்சகத் தளம் எதிர்ப்படும் நாளிலும் நம் விரல் அவ்வாறே அழுத்தும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். பாடசாலையிற் கணினி ஒன்று இணையத்தை எட்டாத நாள் வரும்போது, உடனே எவரையும் அழைக்காதீர்கள். ஒரு மாணவனிடம் தாளும் பேனாவும் கொடுத்துத் திரையிலுள்ள செய்தியை இறுதி வரி வரை எழுதச் சொல்லுங்கள். எதுவரை சரியாக நடந்தது, எவ்விடத்தில் நின்றது என்பதை அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள். பழுதுபார்ப்பவரை அழைக்க நேர்ந்தாலும் அத்தாளை அவர் கையிற் கொடுங்கள். பெட்டியை அவரிடம் ஒப்படைக்குமுன், அதனுள் மீண்டும் எழுத முடியாதது ஏதேனும் இருக்கிறதா என்று கேட்டு, இருந்தால் அதனை முதலிற் படியெடுத்துக்கொள்ளுங்கள்.