கையெழுத்துப் போடாத ஒரு படிவம்

மந்திர் மார்க்கை அறியாத தில்லித் தமிழர் இருக்க முடியாது. பிர்லா மந்திர் என்று நாம் சொல்லும் லட்சுமி நாராயணன் கோயில், அதையொட்டி வங்காளிகளின் காளி பாரி, அதே சாலையில் காந்தியடிகள் தங்கியிருந்த வால்மீகி கோயில் என்று கோயில்களால் பெயர் பெற்ற சாலை அது. வெள்ளைக்காரர் காலத்தில் அதற்கு ரீடிங் ரோடு என்று பெயர். ஆனால் காலை வேளையில் அங்கே போய் நின்று பாருங்கள். தோளில் பையும் கையில் டிபன் டப்பாவுமாகப் போகிற பிள்ளைகளின் கூட்டத்தில், இது கோயில் சாலையா பள்ளிக்கூடச் சாலையா என்று சந்தேகம் வந்துவிடும்.

என் பேத்தி அந்தச் சாலைப் பள்ளி ஒன்றில் பதினோராம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஜூலை மாதத்தில் ஒரு நாள் ஒரு படிவத்துடன் வீட்டுக்கு வந்தாள். நாட்டு நலப்பணித் திட்டத்தில், அதாவது என்.எஸ்.எஸ்.-இல், சேருவதற்கான படிவம். பெற்றோர் கையெழுத்து வேண்டும். என் மகன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தான்.

"இதெல்லாம் இப்ப எதுக்கும்மா? குப்பை பொறுக்கினா மார்க் வருமா?" என்றான்.

அவள் பதில் பேசவில்லை. நேரே என் அறைக்கு வந்து, "தாத்தா, நீங்க சொன்னா அப்பா கேப்பார்" என்றாள்.

வாசக அன்பர்களே, அவள் அப்படிக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காரணம் உண்டு. 1996-ஆம் ஆண்டு, இதே மகன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, சாரணர் முகாமுக்குப் போக வேண்டும் என்று ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினான். நான் அப்போது இருப்புப்பாதைப் பிரிவில் இரவு பகல் பாராமல் லைனில் திரிந்து கொண்டிருந்தேன். படிவத்தைச் சரியாகப் படிக்கக்கூட இல்லை. "கயிற்றிலே முடிச்சுப் போட்டா மார்க் வருமாடா?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவன் எந்தப் படிவத்தையும் என்னிடம் கொண்டு வரவில்லை. கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, கயிறு குப்பையாக மாறியதைத் தவிர, வேறு மாற்றமில்லாமல் அதே கேள்வியை அவன் தன் மகளிடம் கேட்கிறான். விதைத்தது நான், அறுப்பவள் பேத்தி.

இந்த மன்றங்களில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அன்று நான் விசாரிக்கவில்லை. இந்தத் தடவை விசாரித்தேன். அதை நம் குடும்பங்களுடன் பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

என்.எஸ்.எஸ். என்பது காந்தியடிகளின் நூற்றாண்டு ஆண்டான 1969-இல், செப்டம்பர் 24-ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. பிறகு ப்ளஸ் டூ பள்ளிகளுக்கும் வந்தது. அதன் சின்னம் கோனார்க் சூரியன் கோயிலின் தேர்ச் சக்கரம். 'எனக்காக அல்ல, உனக்காக' என்பதே அதன் கொள்கையின் சாரம். ஒரு தொண்டர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்றும் உண்டு.

எஞ்சினியர் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 120 மணி என்றால் வாரத்துக்கு இரண்டே கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம். டியூஷன் விட்டு வந்து அலுப்புத் தீர என் பேத்தி செல்போனில் கழிக்கும் நேரம் அதைவிடக் கூடுதல். "நேரம் இல்லை" என்பது காரணமே அல்ல என்று தெரிந்து போயிற்று.

சாரண சாரணியர் இயக்கம் நம் நாட்டில் பல கிளைகளாகப் பிரிந்து கிடந்தது. அன்னி பெசண்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கம் கண்டது இந்த வரலாற்றில் ஒரு அத்தியாயம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-ஆம் தேதி, சாரணர் அமைப்புகள் ஒன்றுபட்டு பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் உருவாயிற்று; அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர். இந்த அமைப்பில் ரயில்வே மண்டலங்கள் மாநிலங்களைப் போலவே தனி அந்தஸ்து உடையவை. விழாக் காலங்களில் நிலையத்துக் கூட்டத்தில் வழி காட்டிக்கொண்டும் தண்ணீர் கொடுத்துக்கொண்டும் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய பிள்ளைகள் நிற்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். ரயில்வேயில் ஆள் எடுக்கும்போது சாரணர்களுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. ஜனாதிபதி விருது பெற்ற சாரணர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். இவ்வளவும் தெரிந்த ரயில்வேக்காரன்தான் தன் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட மறுத்தவன்.

இன்டராக்ட் என்று ஒன்று இருக்கிறது. ரோட்டரி சங்கத்தார் 12 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்காக நடத்துவது. அதன் முதல் மன்றம் 1962 நவம்பரில் அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்து மெல்போர்ன் உயர்நிலைப் பள்ளியில் 23 மாணவர்களுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஆசியாவின் முதல் இன்டராக்ட் மன்றம் தொடங்கிய ஊர் எது தெரியுமா? நம் தஞ்சாவூர்! ஒவ்வொரு மன்றமும் ஆண்டுக்கு இரண்டு பணிகளாவது செய்ய வேண்டும். ஒன்று தன் பள்ளிக்கோ ஊருக்கோ. மற்றொன்று நாடுகளுக்கிடையே நல்லெண்ணம் வளர்க்க.

இவை தவிர என்.சி.சி., சுற்றுச்சூழல் மன்றம், வினாடி வினா மன்றம், தமிழ் கற்பிக்கும் பள்ளிகளில் இலக்கிய மன்றம் என்று பல இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பாடம் வேறு பாடத்துக்கு வெளியே உள்ளது வேறு என்று கெட்டியாகச் சுவர் எழுப்பக் கூடாது என்றே சொல்கிறது. சுவரைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெற்றோராகிய நாம்தான்.

என் அக்காவின் பேரன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் படிக்கிறான். அவன் 'நேஷனல் ஆனர் சொசைட்டி'யில் சேர்க்கப்பட்டான் என்று அக்கா போனில் பெருமையாகச் சொன்னாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மெடல் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படியில்லை. 1921-இல் அங்கே பள்ளி முதல்வர்களின் தேசியச் சங்கம் இதை நிறுவியது. பிட்ஸ்பர்க் நகரத்துப் பள்ளி முதல்வர் எட்வர்ட் ரைனர்சன் இதற்கு மூலவர். இதற்கு நான்கு தூண்கள்: கல்வி, தலைமை, தொண்டு, ஒழுக்கம். மதிப்பெண் ஒரு குறிப்பிட்ட அளவு இருந்தால் வாசல் வரை போகலாம். உள்ளே அனுமதிப்பதை ஐந்து ஆசிரியர்கள் கொண்ட குழு மற்ற மூன்றையும் பார்த்து முடிவு செய்கிறது. முதல் மாணவன் வெளியே நிற்பதும் உண்டு.

இதைக் கேட்டபோது நம் வழக்கம் நினைவுக்கு வந்தது. நம் பள்ளி விழாக்களிலும் சங்க விழாக்களிலும் மேடையேற்றிப் பரிசு கொடுப்பது யாருக்கு? தொண்ணூற்றைந்து விழுக்காட்டுக்கு மேல் வாங்கியவர்களுக்கு. பந்தியில் கடைசி வரை நின்று இலை எடுத்த பையனுக்கு நாம் ஒரு சால்வை போர்த்தியதுண்டா? மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பாராட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு கால் மேஜையை ஒரு காலில் நிறுத்தப் பார்க்கிறோமே என்றுதான் கேட்கிறேன்.

மந்திர் மார்க்குக்கு வருவோம். நம் பள்ளிகள் எப்படி வந்தன? தலைநகரை மாற்றுவதாக 1911-இல் அறிவித்த பிறகு கல்கத்தாவிலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் குமாஸ்தாக்களும் கணக்கர்களும் குடும்பத்துடன் இங்கே வந்தார்கள். கோடைக்கு அரசாங்கம் சிம்லாவுக்கு மலையேறும். பிள்ளைகளின் படிப்பும் கூடவே மலையேறி இறங்கும். இந்தச் சங்கடத்திலிருந்துதான் 1920-களில் நம்மவர்கள் கூடி 'மதராஸி' என்ற பெயரில் ஒரு கல்விச் சங்கம் கண்டார்கள். அதுவே இன்று ஏழு பள்ளிகளை நடத்தும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து நிற்கிறது. அதே சாலையில் வங்காளிகளுக்கும் ரைசினா பெங்காலிப் பள்ளி இருக்கிறது.

அந்த முன்னோர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர், மாதச் சம்பளக்காரர்கள். அவர்களிடம் இருந்தது என்ன? கூட்டம் கூட்டத் தெரியும். நடவடிக்கைக் குறிப்பு எழுதத் தெரியும். சந்தா வசூலித்து ரசீது கொடுக்கத் தெரியும். அதாவது, ஒரு மன்றத்தை நடத்தத் தெரியும். நம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற வகுப்பறையே ஒரு மன்றம் போட்ட முட்டை.

இப்போது நம் சங்கக் கூட்டங்களைப் பாருங்கள். செயற்குழுவில் கறுப்பு முடி தெரிகிறதா? (சாயம் பூசியதைச் சேர்க்க வேண்டாம்!) "இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் தீர்மானம் போடுகிறோம். எப்படி முன்வருவார்கள்? பதினான்கு வயதில் மன்றத்தில் செயலாளராக இருந்து, தேர்தலில் தோற்று, தோற்ற பிறகும் வென்றவனோடு நாற்காலி தூக்கிப் போட்டுப் பழகியவன்தான் நாற்பது வயதில் சங்கத்துக்கு வருவான். அந்த வயதில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டு, இப்போது வா என்றால் அவனுக்கு வரத் தெரியாது. என் மகனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் வேலையில் கெட்டிக்காரன்; ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் எழுந்து நின்று பேச இன்றும் கூசுவான். அதில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு அவனிடம் பேசினேன். புத்திமதி சொல்லவில்லை. "1996-லே நீ கொண்டு வந்த ஸ்கவுட் படிவம் ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் செஞ்சது தப்புடா" என்றேன். அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அந்தக் கேம்ப் நைனிடால்லப்பா" என்றான். ஊர்ப்பெயர்கூட மறக்கவில்லை! எழுந்து போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.

அக்டோபர் விடுமுறையில் முகாம் நடந்தது. சாப்பாட்டுக் கணக்கை என் பேத்தியிடம் கொடுத்திருந்தார்கள். நான்காம் நாள் இரவு போன் வந்தது. "தாத்தா, நூத்திநாப்பது ரூபா இடிக்குது. என் கைக்காசைப் போட்டுச் சரிபண்ணிடட்டுமா?" என்றாள். "போடாதே. இடிக்கிறது என்று அப்படியே எழுதி டீச்சரிடம் காட்டு. குறைகிற கணக்கைவிட, சரிக்கட்டின கணக்குதான் ஆபத்து" என்றேன். அவளும் காட்டினாள். மறுநாள் விடை கிடைத்தது: ரசீது இல்லாமல் வாங்கிய கொத்தமல்லியும் எலுமிச்சம்பழமும்! ஸ்டோர்ஸ் கணக்குச் சரிபார்ப்பில் நான் பல வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதை அவள் பதினாறு வயதில் ஒரு ராத்திரியில் தெரிந்துகொண்டாள். இதை எந்தக் கோச்சிங் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். சான்றிதழுக்காக மட்டும் சேருவது, வேலை செய்யாமல் மணிக்கணக்கை எழுதி வாங்குவது, ஒரே பிள்ளையை ஐந்து மன்றத்தில் நுழைப்பது, இவை சேராமல் இருப்பதைவிட மோசம். ஒரு மன்றம் போதும். அதில் முழு மனதாக இருக்கட்டும். ப்ளஸ் டூ பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் ஒதுங்கிக்கொள்வதிலும் தவறில்லை. பழைய தண்டவாளங்களில் இரண்டு துண்டுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டிருப்போம். அதை விடாமல் இறுக்கிப் பூட்டினால் மே மாத வெயிலில் இரும்பு நீண்டு, போக இடமில்லாமல் பாதையே வளைந்துவிடும். பிள்ளைகளின் நாளும் அப்படித்தான்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு விழாவில் மதிப்பெண் பரிசோடு, தம் பள்ளி மன்றத்தில் உண்மையாக உழைத்த பிள்ளைகளுக்கும் ஒரு பரிசு வைப்போம். பிள்ளைகளை ஒரு நிகழ்ச்சிக்காவது பொறுப்பாளர்களாக்கி, வரவு செலவையும் அவர்களிடமே ஒப்படைப்போம். நூறு இருநூறு இடித்தால் குடி முழுகிப் போகாது.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு படிவத்தைக் கொண்டு வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படியுங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.