நெஞ்சு மட்டும் வளர்ந்தால் போதுமா?

பளு தூக்கத் தொடங்கும் இளைஞர்கள் முதலில் விரும்புவது எதை? பெஞ்சில் மல்லாந்து படுத்துப் பாரத்தை மேலே தள்ளும் பயிற்சியைத்தான். கண்ணாடியில் தெரிவது நெஞ்சு. முதுகு தெரிவதில்லை அல்லவா!

தோள் மூட்டின் குழி ஆழமற்றது. அதை நிலையாகப் பிடித்து வைப்பவை சுற்றியுள்ள தசைகளே. நெஞ்சுத் தசைகள் தோளை முன்னே இழுக்கின்றன. தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்து நிறுத்துபவை முதுகுத் தசைகள். இவை பலவீனமாக இருந்தால் தள்ளும் பலமும் ஓரளவோடு நின்றுவிடும். நாளடைவில் தோள் வலியும் வரக்கூடும்.

உங்கள் நிலையை நீங்களே சோதிக்கலாம். உயரமான பெஞ்சில் குப்புறப் படுத்து, துடுப்பு வலிப்பதுபோல் பாரத்தை நெஞ்சை நோக்கி இழுங்கள். நெஞ்சு பெஞ்சை விட்டு எழக் கூடாது. 40 கிலோவை எட்டு முறை தள்ளுகிறவர், ஏறக்குறைய அதே பாரத்தை எட்டு முறை இழுக்க வேண்டும். 30 கிலோவுக்கே திணறினால் முதுகு பின்தங்கிவிட்டது என்று பொருள்.

பரிகாரம் எளிது. இரண்டு மாதங்களுக்கு, ஒரு சுற்றுத் தள்ளினால் இரண்டு சுற்று இழுங்கள். களைப்பதற்கு முன்பே, இழுக்கும் பயிற்சியை முதலில் முடியுங்கள். ஒவ்வொரு முறையும் தோள்பட்டைகளை நெருக்கி ஒரு விநாடி நிறுத்துங்கள். உடலை ஆட்டி இழுப்பதில் பயனில்லை.

வீட்டில் தண்டால் மட்டும் எடுப்பவர்களும், இடுப்பளவு உயரமுள்ள உறுதியான கம்பியைப் பற்றி, கால்களை நீட்டிச் சாய்ந்து, நெஞ்சைக் கம்பிவரை இழுக்கலாம். காசு செலவில்லை!

வலி ஏற்கெனவே இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். முன்னழகை முதுகுதான் தாங்குகிறது, தம்பிகளே!