பூச்சிக்கொல்லி நஞ்சை முறிக்கும் நொதி

நெல் வயலில் ஒரு பூச்சிக்கொல்லி மருந்து முதன்முறை நன்கு பயன் தந்தும், அடுத்தடுத்த முறைகளில் வலுவிழந்து போவதுண்டு. பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது என்பதே இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். ஆயினும் சில இடங்களில் மாறுதல் நேர்வது பூச்சியில் அன்று; மண்ணிலேயாம். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இதனை ஆராய்ந்தவர் இந்திய விஞ்ஞானி என். சேதுநாதன். டயசினான் மருந்து பன்முறை இடப்பட்ட வயல்களில், அது மிக விரைவில் சிதைந்து போவதை அவர் கண்டார். அவரும் யோஷிடா என்பவரும், அதனைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்து 1973-இல் அறிவித்தனர். பாரத்தியான் என்னும் கொடிய மருந்தையும் அது முறித்தது. உழவருக்கு நட்டமாகத் தோன்றிய நிகழ்ச்சி இவ்வாறு ஆராய்ச்சிக்கு வரவாயிற்று.

இவ்விரு மருந்துகளும் கரிம பாஸ்பரஸ் இனத்தைச் சேர்ந்தவை. நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டு செல்லும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை, வேலை முடிந்தவுடன் அழிப்பதற்கு உடலில் ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடுகிறது. செய்தி ஓயாமையால் உமிழ்நீர் பெருகும், கண்மணி சுருங்கும், தசைகள் துடிக்கும், முடிவில் மூச்சு நின்றுவிடும். பூச்சி மடிவதும் மனிதர் மடிவதும் இவ்வொரே வழியில்தான்.

பாக்டீரியாவின் நொதியோ நஞ்சையே வெட்டுகிறது. அதன் நடுவே அமைந்த இரண்டு துத்தநாக அணுக்கள் நீர் மூலக்கூறு ஒன்றைத் தூண்டி, பாஸ்பரஸின் பிணைப்பை அறுக்கச் செய்கின்றன. பாரத்தியான் உடலுக்குள் பாராக்ஸானாக மாறிய பின்னரே முழு நஞ்சாகிறது. அந்தப் பாராக்ஸானில், ஒரு நொதி மூலக்கூறு நொடிக்கு 2,000-க்கு மேற்பட்ட மூலக்கூறுகளை முறிக்க வல்லது. முறிந்தவுடன் மஞ்சள் நிறம் தோன்றும். அம்மஞ்சள் பொருளும் முற்றும் தீங்கற்றதன்று. மூல நஞ்சைவிடக் கொடுமை குறைந்தது, அவ்வளவே. ஆசிரியர்கள் இதனைச் சொல்லி விளக்கலாம்; மருந்தை வைத்துச் செய்து காட்டுதல் கூடாது.

ஆஸ்திரேலியாவில் 2002-இல் இத்தகைய மற்றொரு நொதி அறிவிக்கப்பட்டது. பேன் ஒழிக்க ஆடுகளை முக்கியெடுத்த மருந்து நீரையும், பருத்தி வயல்களின் வடிநீரையும் தூய்மைப்படுத்த அந்நாட்டில் நொதித் தூள் சோதிக்கப்பட்டது. உயிருள்ள பாக்டீரியாவை விட்டால், அது புதிய இடத்தில் பிழைத்துப் பெருக வேண்டும். நொதிக்கு அக்கவலை இல்லை. ஆனால் அது பெருகுவதும் இல்லை, நாளடைவில் கெட்டுவிடும். ஆகவே உற்பத்திச் செலவே இதில் பெரிய தடை.

இதே நொதியை மருந்தாக்கும் முயற்சியும் நடைபெறுகிறது. அட்ரோப்பின் நஞ்சின் விளைவுகளை அடக்குகிறது; பிராலிடாக்ஸைம் கட்டுண்ட நொதியை மீட்க முயல்கிறது. இரத்தத்தில் உள்ள நஞ்சை இரண்டும் அழிப்பதில்லை. பாக்டீரிய நொதி அதனைச் செய்யும் என்பதற்கு எலிகளில் நல்ல அறிகுறிகள் கிடைத்துள்ளன. எனினும் அயற் புரதமாதலால் உடல் அதனை எதிர்க்கக்கூடும். மனிதர்க்கு வழங்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை.

டயசினானும் மெதில் பாரத்தியானும் 2018-ஆம் ஆண்டு ஆணையால் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்றவற்றை இந்நொதி மிக மெதுவாகவே முறிக்கும். எனவே, மருந்து பட்டவரின் உடைகளை உடனே களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே களப் பணியாளர் செய்யத்தக்கது.