விதைத்தவர்களே களை பறித்த கதை

அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் உச்சியை வெடிவைத்துத் தகர்த்து நிலக்கரி அள்ளுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அள்ளி முடித்த நிலத்தின் கதை இந்த வாரம்.

1972-ல் மேற்கு வர்ஜீனியாவின் பஃபலோ க்ரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவைத் தேக்கிய அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். அதன்பின் சுரங்கப் பகுதியில் மண் சரிகிறது என்றாலே அதிகாரிகளுக்கு அடிவயிறு கலங்கியது. 1977-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சுரங்கச் சீரமைப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியபோது இந்தப் பயம் நன்றாகவே தெரிந்தது. நிலத்தைச் சமன்செய்து இறுக்க வேண்டும், பச்சை போர்த்த வேண்டும். மழை மிகுந்த கிழக்கு மாநிலங்களில் அந்தப் பச்சை ஐந்தாண்டு நிலைத்தால்தான் நிறுவனம் கட்டிய பிணைத்தொகை முழுதாகத் திரும்பும்.

ஐந்தாண்டில் பணம் வேண்டும் என்பவர் ஓக் மரத்துக்காகவா காத்திருப்பார்? கென்டக்கி-31 என்ற ஃபெஸ்க்யூ புல்லைத் தூவினார்கள். 1931-ல் கென்டக்கியின் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட மேய்ச்சல் புல் அது. எந்தக் கட்டாந்தரையிலும் பிடித்துக்கொள்ளும். கூடவே கிழக்காசியாவிலிருந்து வந்த லெஸ்படீசா என்ற செடி. அதே பக்கத்திலிருந்து வந்த ஆட்டம் ஆலிவ் புதரையும் நட்டார்கள். அதன் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும். சிவந்த பழங்களைப் பறவைகள் தின்று ஊரெல்லாம் விதைக்கும். பரப்பச் சொன்னது அரசின் மண்வளப் பாதுகாப்புத் துறையேதான். சீமைக்கருவேலத்தைக் கண்ட நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பிணைத்தொகை திரும்பியது, காடு திரும்பவில்லை. புல்டோசர் மேலும் கீழும் ஓடி இறுக்கிய மண்ணில் கடப்பாரை இறங்குவதே பாடு. நட்ட கன்றுக்குப் போக வேண்டிய நீரைப் புல் முந்திக்கொண்டு குடித்துவிடும். அடர்ந்த புல்லுக்குள் வயல் எலி மாதிரியான வோல் என்ற சிற்றெலி குடியிருக்கும். பருந்தின் கண்ணுக்குப் படாமல், குளிர்காலத்தில் கன்றின் அடிப்பட்டையைச் சுற்றிலும் கொறித்துத் தீர்க்கும். வசந்தத்தில் பார்த்தால் கன்று நின்றபடியே செத்திருக்கும்.

ஆட்டம் ஆலிவை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வெட்டிய கையோடு கட்டையில் களைக்கொல்லி தடவ வேண்டும், அல்லது புல்டோசரால் வேரோடு பெயர்க்க வேண்டும். பழைய சுரங்க நிலங்களில் இன்று இரண்டும் நடக்கின்றன. பெயர்த்த பிறகு, புல்டோசரின் பின்னால் மாட்டிய நீண்ட எஃகுக் கொழுவால் மூன்று நான்கு அடி ஆழத்துக்கு நிலத்தைக் கிழிக்கிறார்கள். பாறைத் துண்டுகள் மேலே புரண்டு வந்து கிடக்கும் அந்த நிலம் பார்க்க அலங்கோலம்தான். கன்றுக்கு அதுதான் சௌகரியம்.

இதெல்லாம் பழைய பாவத்துக்குப் பரிகாரம். புதிய சுரங்கங்களுக்கு வழி வேறு. 2004-ல் கூட்டாட்சிச் சுரங்கத் துறையும் அப்பலாச்சிய மாநிலங்களும் சேர்ந்து தொடங்கிய மறுகாடாக்க முயற்சி, மண்ணை நான்கடிக்குக் குறையாமல் தளர்வாகக் கொட்டி, இறுக்காமல் விடச் சொல்கிறது. மரத்தோடு ஒத்துப்போகும் குட்டையான செடிகளை மட்டும், அதுவும் கொஞ்சமாக, விதைக்க வேண்டும். இடைவெளியில் அக்கம்பக்கத்துக் காட்டின் விதைகள் தாமே வந்து விழும். மரங்கள் தலைசேர்ந்து நிழல் கவிந்துவிட்டால், வெயில் விரும்பிகளான புல்லும் லெஸ்படீசாவும் ஆட்டம் ஆலிவும் தாமாக ஒடுங்கும். நிழலைப்போல மலிவான களைக்கொல்லி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆனால் நிழல் விழ வருடங்கள் ஆகும். அதுவரை திட்டுத் திட்டாக மண் தெரியும். பச்சை குறைந்தால் நோட்டீஸ் கொடுத்துப் பழகிய அதிகாரிகளையும், விதையை மூட்டை மூட்டையாகத் தூவிப் பழகிய ஒப்பந்தக்காரர்களையும் சம்மதிக்க வைப்பதற்குத்தான் பெரும்பாடு. பூஞ்சை நோயால் அந்த மலைகளிலிருந்து ஏறக்குறைய அழிந்துபோன அமெரிக்கச் செஸ்நட் மரத்தை இந்தத் தளர்ந்த மண்ணில் நட்டுப் பார்க்கிறார்கள். அது அடுத்த வாரம்.