ஆங்கிலத்தில் மன்னிப்புச் சொற்கள்

தமிழில் 'மன்னிக்கவும்' என்று நாம் சொல்லும் பல இடங்களில் ஆங்கிலம் வெவ்வேறு சொற்களைக் கையாள்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் பொருள் மாறிவிடும்.

எக்ஸ்கியூஸ் மீ: பெரும்பாலும் செயலுக்கு முன் சொல்வது. வழி கேட்கும்போதும், கூட்டத்தை விலக்கிச் செல்லும்போதும் பயன்படும்.

பார்டன்: கேள்வித் தொனியில் சொன்னால் 'காதில் விழவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று பொருள்.

சாரி: பெரும்பாலும் செயலுக்குப் பின் சொல்வது. பிறர் காலை மிதித்துவிட்டால் 'சாரி' என்கிறோம். வலியைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது இது. துக்க வீட்டில் 'ஐ ஆம் சாரி' என்பது துயரத்தில் பங்குகொள்வது, தவற்றை ஒப்புக்கொள்வதன்று.

அப்பாலஜைஸ்: தவற்றுக்குப் பொறுப்பேற்கும் சொல். அலுவலகக் கடிதங்களுக்கு ஏற்றது. யாரிடம் என்பதற்கு 'டு', எதற்காக என்பதற்கு 'ஃபார்' சேர்க்க வேண்டும்.

ரிக்ரெட்: நடந்ததற்கு வருந்துதல். பொறுப்பேற்பது இதில் கட்டாயமில்லை.

கடைசி இரண்டுக்கும் உள்ள இடைவெளி சிறியதன்று. 1919இல் நடந்த ஜாலியன்வாலாபாக் படுகொலை குறித்து, அதன் நூற்றாண்டையொட்டி 2019 ஏப்ரலில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமர் தெரசா மே 'ரிக்ரெட்' என்ற சொல்லையே பயன்படுத்தினார். முறையான 'அப்பாலஜி' வரவில்லை. அதனால்தான் வருத்தம் தெரிவித்த பிறகும் மன்னிப்புக் கோரிக்கை ஓயவில்லை.

மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது: தவறு நம்முடையதானால் 'ரிக்ரெட்' போதாது, 'அப்பாலஜைஸ்' என்றே எழுதுங்கள்.