விழாவும் ஓய்வும்

கண்டி - யாழ்ப்பாண வீதியில் மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே அமைந்தது நாவுல. சித்திரைப் புத்தாண்டில் உறவினரைக் காணச் செல்வோர் பலர் இவ்வூரைக் கடந்தே செல்வர். விருந்தும் அளவளாவலும் மகிழ்ச்சி தருவன. ஆயினும் தொழிலுக்கு மீள்வோர் சோர்வுற்றே மீள்கின்றனர். இதன் காரணம் யாது?

முதலாவது உறக்கக் குறைவு. வளர்ந்தோர்க்கு நாள்தோறும் 7 மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். இரண்டாவது உடலின் காலவொழுங்கு பிறழ்தல். நள்ளிரவு கடந்து உறங்கிப் பிந்தி எழுவோர், வானூர்தியிற் கடல் கடந்தோர் எய்தும் மயக்கத்தைத் தம் வீட்டிலிருந்தே எய்துவர். ஜெர்மானிய அறிஞர் தில் ரோனபேர்க் குழுவினர் 2006ஆம் ஆண்டில் இதற்குத் தனிப்பெயர் இட்டனர்.

முன்னோர் விழாவினுள்ளேயே ஓய்வினையும் வகுத்தனர். ஞாயிறு மீனத்தினின்று மேடத்திற் புகும் வேளையைச் சார்ந்து, சிங்கள மக்கள் சில மணி நேரம் தொழில் தவிர்ப்பர், அடுப்பும் மூட்டார். தமிழர் புண்ணிய காலத்தில் மருத்துநீர் வைத்து நீராடுவர், கைவிசேடம் பின்னரே.

அடுப்பு அணைந்திருக்கும் அப்பொழுதே சமைப்போர்க்கும் ஓய்வு கிட்டியது. இன்றோ விருந்தினர் மகிழ, இல்லத்துப் பெண்டிரே பெரிதும் களைப்புறுகின்றனர். விடுமுறையின் இறுதி நாளையேனும் விருந்தின்றி விடுத்தல், விருந்தோம்பலுக்கு இழுக்கன்று. அதனைப் பேணும் வழியேயாம்.