உத்தியோகத்தர் தொகையும் நம் வயலும்

"அரசாங்கத்தில் இத்தனை பேர் சம்பளம் எடுக்கிறார்கள்; எங்கள் வயல் வரம்பில் ஒருவரைக்கூடக் காணவில்லையே!" இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்களோடு கதைக்கும்போதெல்லாம் நாம் கேட்கும் முறைப்பாடு இது.

2016ஆம் ஆண்டு தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் அரச, அரைஅரச ஊழியரை எண்ணியபோது தொகை 11 இலட்சத்தைத் தாண்டியது. இதை முன்னைய தொகையோடு ஒப்பிடுமுன் சில கேள்விகளைக் கேட்க வேண்டும். கூட்டுத்தாபனங்களும் சேர்ந்தனவா? மாகாண சபையினர்? அமய ஊழியர்? அங்கீகரித்த ஆளணியை எண்ணினார்களா, உண்மையில் வேலை செய்வோரையா? போன போகத்து நெல்லைப் புசலாலும் இந்தப் போகத்து நெல்லைக் கொத்தாலும் அளந்துவிட்டு, விளைச்சல் கூடிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை.

மொத்தத் தொகை மாறாமலே கமக்காரன் நட்டப்படலாம். 1980களில் கே.வி.எஸ். எனப்பட்ட கிராமமட்ட விவசாய விரிவாக்க ஊழியர் இருந்தனர். இரு வாரத்துக்கு ஒருமுறை கமக்காரரைச் சந்தித்து விதை, பசளை, பூச்சி பற்றிச் சொல்வதே அவர்களின் வேலை. 1989 அளவில் ஏறத்தாழ 2,400 பேர் கிராம சேவையாளர் பதவிக்கு மாற்றப்பட்டனர். எவரும் வேலை இழக்கவில்லை. அரசின் மொத்தக் கணக்கில் ஒரு தலையும் குறையவில்லை. ஆனால் வயலுக்கு வந்தவர் அதன்பின் பங்கீட்டு அட்டையோடும் வதிவிடச் சான்றிதழோடும் மேசையில் அமர்ந்தார். (நம் ஊர்களில் அவரை இன்னும் "விதானையார்" என்றே அழைக்கிறோம், விதானை முறை 1963இலேயே போய்விட்டது.)

அதே காலத்தில், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி, விவசாய விரிவாக்கம் பெருமளவில் மாகாண சபைகளிடம் சென்றது. மத்திய திணைக்களத்தின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அங்கே ஆட்கள் குறைந்ததாகத் தோன்றும். அவர்கள் வேறொரு பட்டியலில் இருந்தார்கள்.

இடப்பெயர்வு இந்தக் கணக்கை இன்னும் குழப்பியது. 1995இல் வலிகாமம் மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோது உத்தியோகத்தரும் கூடவே போனார்கள். அவ்வேளையில் பிரிவுவாரியான தொகையை வைத்துக்கொண்டு எந்த நிலத்துக்கு யார் பொறுப்பு என்று எப்படி அறிவது?

2022இல் பொருளாதாரம் நொறுங்கியபின், அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவில் அனுபவசாலிகள் பலர் ஒரே நாளில் வெளியேறினர். செலவு குறைப்போருக்கு அது நல்ல கணக்கு. போனவர்களில் மேசைக்காரர் எத்தனை பேர், களத்தில் நின்றவர் எத்தனை பேர் என்பதை அந்தத் தொகை சொல்லாது.

கமநல சேவை நிலையத்துக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள்: இப்பிரிவுக்கு அங்கீகரித்த விவசாயப் போதனாசிரியர் எத்தனை, இப்போது எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள், கிழமையில் எந்த நாள் வயலுக்கு வருவார்கள். பதிலைத் திகதியிட்டு உங்கள் சங்கக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்த போகத்திலும் அதே மூன்றையே கேளுங்கள்.